செல்லபாய் விதையடிக்க விடாத கடா

போன அறுப்பின் பண்டிகையன்று பாறைவிளைச் சபையின் செக்ரட்டரி தாசையன் எழுந்து நின்று ஒரு பிரசங்கம் செய்தான். "இந்த ஊர்ச் செம்மறிக் கூட்டம் அடியோடு அழிந்துபோக இருந்த காலத்தில், என் தகப்பனார் ராஜமணி மூப்பருடைய முன்யோசனையால்தான் அது காப்பாற்றப்பட்டது" என்றான். சபையார் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் முன்வரிசை நாற்காலியில் இருந்தேன். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போடாமல் அந்த ஊரில் எந்தக் கூட்டமும் தொடங்காது. வேதக்கோயில் கூரையில் ஓடு ஏறியது யாரால் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் பெயரைச் சொல்லும். அப்பேர்ப்பட்ட நாற்காலி அன்றைக்கு எனக்கு நெருப்பாகச் சுட்டது. திரும்பிப் பார்த்தேன். கடைசியில், பெண்கள் பக்கத்துப் பாயில், செல்லபாய் உட்கார்ந்திருந்தாள். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, தன் காரியம் இல்லை என்பதுபோல மேலே கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவன், அதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் எழுத வேண்டியதை எழுத அது தாராளம். ஆட்டுத்தோலைத் தலையில் சுமந்துகொண்டு பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் வரை நடந்தவன் நான். இன்றைக்குச் சாலைக் கடைத்தெருவில் என் இறைச்சிக்கடைதான் பெரிய கடை. வலியசாலை அக்ரகாரத்து வக்கீல்மார் என் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வழக்கு என்று நான் போய் நின்றாலோ நாற்காலி போட்டுத்தான் பேசுவார்கள். யார் தயவிலும் நான் மேலே வரவில்லை. அதனால் யாருக்காகவும் வாயை மூடவும் எனக்கு அவசியம் இல்லை. இறந்துபோன மனுஷனைக் குறை சொல்கிறான் என்பார்கள். மூப்பர் உயிரோடு இருந்த காலத்திலேயே அவர் முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் இங்கே திரும்பச் சொல்கிறேன்.

செல்லபாய் கல்யாணமாகிப் பாறைவிளைக்கு வந்தபோது அவள் தாய் நகைக்குப் பதிலாகச் சில மறிகளை, பெண் செம்மறிகளை, கொடுத்து அனுப்பினாள். ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, ஒன்று மாட்டுக்கன்றுபோல வெள்ளையும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. ஒன்றுக்குக் காது என்று சொல்ல ஒரு மடிப்புதான் இருந்தது. "கூட்டத்தைப் பார்த்தா கலியாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கே" என்று ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். "ஆமா, எல்லாச் சாதி சனமும் வேணும்லா" என்றாளாம் வந்த அன்றைக்கே.

புருஷன் ஞானையன் நல்லவன், ஆனால் ஓரிடத்தில் கால் தரிக்காதவன். வித்துரா வழியாக மலைமேல் போனக்காடு என்ற ஊரின் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனான். அங்கே மலைக்காய்ச்சல் அடித்தது. வித்துராச் சந்தைக்கு வந்த யாரோ ஒருவர் மூலமாகத்தான் சாவுச் செய்தி ஊருக்கு வந்து சேர்ந்தது. ஆட்டை விற்றுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போ என்று எல்லாரும் புத்தி சொன்னார்கள். "அண்ணன் வீட்டுல நான் ஆடு, இங்க நான் ஆட்டுக்காரி" என்று சொல்லி அவள் போகவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. அந்தக் கூட்டம்தான் அவளுக்குச் சோறு, சொத்து, வாய்ச்சண்டைக்குக் காரணம் எல்லாம்.

இனி கோயில் கடாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது.

பாறைவிளையில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலில் முதலானதைக் கோயில் முற்றத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். வாழைக்குலை, தேங்காய், கோழி, மரச்சீனிக் கிழங்கு எல்லாம் வரும்; பிறகு சபைக்காக ஏலம் விடுவார்கள். ஆடு வளர்க்கிறவர்கள் முதல் ஈற்றுக் கடாக்குட்டியைக் கொண்டுவருவார்கள். காணிக்கையில் பழுது இருக்கக்கூடாது என்பது சரி. ஆனால் பாறைவிளைக்காரர்கள் இதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். உடம்பில் ஒரு மயிர் வேறு நிறமாக இருந்தாலும் அது பழுது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் பழுது. கழுத்தில் சதைத் தொங்கட்டான் இருந்தால் பழுது. சுத்தச் செவலைதான் முற்றத்துக்குள் நுழையலாம். ஒரு வருஷம் மூப்பர் ராஜமணி ஏலத்தில் எடுத்த செவலைக் கடா ஒன்று பார்க்க ராஜா மாதிரி இருந்தது. அதை அறுக்க மனசு வராமல் சபைக்கே திருப்பிக் கொடுத்தார். "ஊர் மறிக்கெல்லாம் இதுவே பொதுக்கடாவாக இருக்கட்டும்" என்றார். அதுதான் கோயில் கடா.

அதோடு மற்றக் கடாக்களின் காலம் முடிந்தது. கோயில் கடா இருக்க வேறு கடாவை வைத்திருப்பது அவிசுவாசம் என்று ஆகிவிட்டது. கறுப்பும் புள்ளியுமாகப் பிறந்த குட்டிகளையெல்லாம் எனக்கு விற்றார்கள். சாலைக்கடையில் அந்த வருஷங்களில் என்னைப்போல இளங்கறி விற்றவன் கிடையாது. கோயில் கடா கிழடானதும் அதன் மகன்களில் நல்ல செவலை ஒன்றை அதே பட்டத்தில் நிறுத்தினார்கள். அதற்குப்பின் அதன் மகன். ஊரில் உள்ள மறி அத்தனையும் அவனுக்குத் தங்கை, மகள், பேத்தி. சொந்த வீட்டுக் கல்யாணம் என்றால் உறவு முறையை அலசி ஆராய்கிற ஆட்கள், ஆட்டு விஷயத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கூட்டம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரே அச்சில் வார்த்ததுபோல. ஆனால் தோலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற தொழில் என்னுடையது. எலும்பு வரவர ஈர்க்கிலாக மெலிந்துகொண்டு வந்தது. கீழ்த்தாடை குட்டையான குட்டிகள் பிறந்தன. தாய்க் காம்பைப் பிடிக்கமுடியாமல் செத்தன. விதை ஒன்று மட்டும் இறங்கிய கடாக்கள் வந்தன. சினை நிற்காத மறிகள் கூடின. கண்ணூறு என்றார்கள். உபவாச ஜெபம் வைத்தார்கள். ஜெபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஜெபம் முடிந்து வீட்டுக்குப் போய் மறுபடியும் அதே கடாவிடம் மறியைக் கொண்டுபோய் விட்டார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

செல்லபாய் மட்டும் தன் மறிகளைக் கோயில் கடாவிடம் விடவில்லை. அவளுக்கென்று சொந்தமாக ஒரு கடா இருந்தது. அதன் மகள்கள் வளர்ந்து பருவத்துக்கு வந்ததும் அவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. என் வண்டி ஆடு பிடிக்க நாஞ்சில் நாட்டுப் பக்கம் போகிறது என்று தெரிந்து, தன் கடாவையும் ஏற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். அங்கே அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்த தாணுலிங்கக் கோனாரை எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத கிடைக்காரன் அந்தப் பக்கம் யார் இருக்கிறான்?

கோனார் அவள் கடாவின் வாயைத் திறந்து பார்த்தார், தொடையைப் பிடித்துப் பார்த்தார். "ஏன் மாத்தணும்ங்கிற?" என்று கேட்டார்.

"இவனுக்க மக்கமாரு வளந்தாச்சு அய்யா. வீட்டுக்குள்ள வச்சா நல்லா இருக்குமா?"

கோனார் சிரித்தார். "அதான் எங்க வழக்கமும். மக சினைக்கு வந்துட்டா அப்பன் அந்தக் கிடையில நிக்கப்படாது. அடுத்த கிடைக்காரங்கிட்ட குடுத்துட்டு அவங்கிட்ட இருக்கிறதை வாங்கிக்கிடுவோம். நெறமா? நெறத்தை யாரு பாக்கா. கறுப்புக்கு ஒரு கொணம், செவலைக்கு ஒரு கொணம். எல்லாம் ஒண்ணுபோல இருந்தா எல்லாத்தையும் கொண்டுபோக ஒரு சீக்கு போதுமே."

அன்றைக்கு அவள் தன் கடாவைக் கொடுத்து அவருடைய கறுப்புக் கடாவை வாங்கினாள். கழுத்தில் இரண்டு தொங்கட்டான், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பாறைவிளைக் கணக்கில் பழுது என்று எதையெல்லாம் சொல்வார்களோ அத்தனையும் அந்த ஒரே உடம்பில் இருந்தது. என் வண்டியில்தான் அது ஊருக்கு வந்தது. என் வண்டி வரவில்லை என்றால் இந்தக் கதையே இல்லை. இதை யாரும் மறுக்கமுடியாது.

கறுப்பன் வந்த கொஞ்ச நாளில் வேலி தாண்டத் தொடங்கினான். ஊர்க் கூட்டத்தில் ஒரு புள்ளிக் குட்டி பிறந்ததும் மூப்பருக்கு வேர்த்துவிட்டது. கோயில் வாசலில், ஆராதனை முடிந்து சனங்கள் நிற்கும்போதே செல்லபாயை நிறுத்தினார்.

"ஏ பிள்ளே, ஒனக்க கறுப்பன் பொதுக்கூட்டத்துக்குள்ள கேறுதான். கோயில் கடாவுக்க வமிசத்துல கறை விழுது. ஒண்ணு வித்துரு, இல்லேன்னா விதையடி."

"மூப்பரே, ஒமக்க மவளுக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தவியகிட்ட மூணு தலைமொறைக்கு விசாரிச்சியளே. அண்ணன் தங்கச்சி மொறை வந்திரப்படாதுன்னு. ஆட்டுக்கு மட்டும் அப்பனும் மாப்பிள்ளையும் ஒருத்தனா?"

"அத்தை மவனைக் கெட்டுதது நம்மளுக்குள்ள உள்ளதுதானே. சொந்தத்துல எடுத்தா என்ன கொறை?"

"அத்தை மவன் வரைக்கும் செரி. பெத்த அப்பனுக்குக் கெட்டி வைக்க எந்தச் சபையில சொல்லியிருக்கு?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூப்பரின் காது சிவந்தது. சிரித்தவர்களை விட்டுவிட்டு அவளைப் பிடித்தார். கமிட்டி கூடியது. கறுப்பனை விதையடிக்கும்வரை அவள் ஆடுகள் கோயில் தோப்பில் மேயக்கூடாது, அவள் காணிக்கையும் முற்றத்தில் ஏறக்கூடாது என்று முடிவு செய்தார்கள். ஒரு விதவையின் ஆட்டுக்குப் புல் கிடையாது என்று சொல்ல ஒரு கமிட்டி கூடியது, பாருங்கள். கறுப்பன் போனால் அவள் கதி என்ன? இன்னொரு கடாவுக்கு அவள் எங்கே போவாள்? மகள்களோடு கோயில் கடாவிடம் போய்க் கையேந்தவேண்டும். அவள் தாய் கொடுத்த கூட்டம் ஊர்க்கூட்டத்தோடு கரைந்து போகும். கமிட்டிக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தார்கள்.

அவள் விதையடிக்கவில்லை. ரோட்டோரத்தில் மேய்த்தாள். அதனால் ஒரு நாள் உச்சிவெயிலில் மூப்பரே ஆளோடு வந்துவிட்டார். விதையடிக்கிறவன் கையில் கடாவின் விதையை நசுக்குகிற கிட்டிக் கட்டை, பின்னால் பிடிக்க இரண்டு தடியன்கள். ஆடு வாங்குவதற்காக நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

செல்லபாய் இவர்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கறுப்பனை இழுத்து அடுக்களைக்குள் விட்டுவிட்டு, வாசல்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து மரச்சீனி தோலுரிக்கத் தொடங்கினாள். கையில் கத்தி.

"வாருங்க மூப்பரே. ஒரு பானைக் கெழங்கு வெந்தாச்சு, தின்னுட்டு வேலையைப் பாக்கலாம்" என்றாள்.

"வெறுதே பேசாதே. கடாவை வெளியில விடு."

உள்ளே சட்டி உடைகிற சத்தம் கேட்டது. கறுப்பன் பானைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். விதையடிக்கிறவன் ஒரு அடி பின்னால் போனான்.

"அவன் உள்ளதான் இருக்கான். யாருக்கு விதையடிக்கதுன்னு நீங்களே உள்ள போய் அவங்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க" என்றாள் செல்லபாய், கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தடியன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அதோடு அந்தப் படை கலைந்தது. மூப்பர் என் பக்கம் திரும்பினார். "மொதலாளி, இந்தக் கடாவை நீரு எடுத்துட்டுப் போயிருமே. சாலைக்கடையில கறியாவட்டு. சபையில ஒமக்கு மரியாதை உண்டு."

நான் சொன்னேன்: "மூப்பரே, உடையவ விக்காத உயிரை நான் இதுவரைக்கும் தொட்டது இல்ல. எனக்க கடை அதுலதான் நிக்குது. ஒமக்க சபையில உள்ள மரியாதை இல்லேன்னாலும் அது நிக்கும்." இந்த வார்த்தையைப் பாறைவிளையில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

அடுத்த வைகாசிப் பாதியில் வருகிற இடவப்பாதி மழை விடாமல் பிடித்தது. ஆடுகளுக்கு முதலில் இருமல், பிறகு கழிச்சல். ஊர்ச் செவலைகள் ஒன்றுபோலப் பிறந்தன அல்லவா, ஒன்றுபோலவே செத்தன. ஒரு தொழுவத்தில் நுழைந்தால் அடுத்த தொழுவத்தில் எது சாகும் என்று கேட்கவே வேண்டாம். கோயில் கடா கோயில் சுவரோரத்திலேயே விழுந்து கிடந்தது. சாகக் கிடக்கிற ஆடுகளை வாங்கிக்கொள்ளச் சொல்லி என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். சீக்கு ஆட்டைத் தொங்கவிட்டு விற்கிற கடை என்னுடையது அல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

செல்லபாய் கூட்டத்திலும் சாவு விழுந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. நெட்டைக்கால் செவலைகள் எல்லாம் போயின. அவள் தாய் கொடுத்த திட்டு மறியின் பேத்தியும் போனது. அதற்காக அவள் ஒப்பாரி வைத்து அழுததை நான் கேட்டேன். ஆனால் எல்லாம் சாகவில்லை. கறுப்புகள் இருமிக்கொண்டே நின்றன, பிறகு தேறின. குட்டைக்காதுகளில் சிலவற்றுக்கு இருமலே வரவில்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தது. சாவு ஒரே வழியில் வந்து எல்லாவற்றையும் பிடிக்கமுடியவில்லை. கோனார் கிடையில் சொன்னது அதுதானே.

மழை விட்டதும் ராஜமணி மூப்பர் அவள் வீட்டுக்கு வந்தார். முன்வாசலில் அல்ல, மரச்சீனி விளை வழியாகப் பின்வாசலுக்கு. மீந்திருந்த சில மறிகளைக் கயிற்றில் பிடித்திருந்தார். பிறகு அவள் எனக்குச் சொன்னது இது.

"பிள்ளே, ஒரு ஒபகாரம்."

"சொல்லுங்க மூப்பரே. விதையடிக்கிற ஆளு பொறத்தால வாறாரா?"

"பழசைக் கிண்டாதே. ஊர்ல வேற கடா இல்ல."

"கடா இருக்கு. கறைதான் விழும்."

மூப்பர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். அவள் அவரை நெடுநேரம் நிற்கவைக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். வரப்போகும் அறுப்பின் பண்டிகையில் கறுப்பனுக்குப் பிறந்த புள்ளிக் கடாக்குட்டி ஒன்றை அவள் கொண்டுவருவாள். அதை முற்றத்தில் முன்னால் கட்டவேண்டும். செல்லபாய் காணிக்கை என்று பெயர் சொல்லி ஏலம் கூவவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். மூப்பர் சரி என்று தலையாட்டினார். அவர் ஆட்டியதைப் பார்த்து ஊர் முழுக்க மறிகளைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தது. கறுப்பனுக்குச் சாப்பிட நேரம் இல்லை.

பண்டிகை வந்தது. செல்லபாய் குட்டியைக் குளிப்பாட்டி, கழுத்தில் செம்பருத்தி கட்டிக் கொண்டுவந்தாள். மூப்பர் அவளைப் பார்க்காததுபோல இருந்தார். யாரோ குட்டியை வாங்கிக் கோழிக்கூடைகளுக்குப் பின்னால் கட்டினார்கள். ஏலத்தில் கடைசியாக, சனம் எழுந்து கலையும்போது, "ஒரு விதவையின் காணிக்கை" என்று கூவினார்கள். பெயர் சொல்லவில்லை. நான் கைதூக்க எழுந்தேன். அவள் முந்திக்கொண்டாள். நேரே போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

"எனக்கு ஒரு பேரு இருக்கு. அது வேண்டாம்னா குட்டியும் வேண்டாம்" என்று சொல்லி, குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தின் நடுவே நடந்து போனாள். வாக்குக் கொடுத்த மனுஷன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்துக்கு நேரே போய், "மூப்பரே, ஒமக்க ஆடு செத்தப்போ செத்தது ஆடு மட்டும் இல்ல" என்றேன். அவர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். 

ஆனால் கறுப்பனை அவர்களால் கோழிக்கூடைக்குப் பின்னால் கட்டமுடியவில்லை. அடுத்த ஈற்றில் பாறைவிளைத் தொழுவம் ஒவ்வொன்றிலும் கறுப்பு, புள்ளி, திட்டு, பொட்டு. ஒரு குட்டிக்குக்கூடத் தாடை குட்டையாக இல்லை. விழுந்ததும் எழுந்து பால் குடிக்கிற குட்டிகள். அடுத்த வருஷப் பண்டிகைக்கு முற்றத்தில் கட்ட ஊர் முழுக்கத் தேடியும் ஒரு சுத்தச் செவலை அகப்படவில்லை. காணிக்கை இல்லாமல் பண்டிகை வைக்கமுடியாது. மூப்பரே ஒரு பொட்டுக்கடாவை நடத்திக்கொண்டு வந்து முன்னால் கட்டினார். கழுத்தில் இரண்டு தொங்கட்டான் ஆடின. "தீர யோசித்துக் கமிட்டியில் செய்த மாற்றம்" என்று சொன்னார். அவர் அன்றைக்குச் சொன்ன பொய்யைத்தான் அவர் மகன் இன்றைக்கு முன்யோசனை என்கிறான்.

நான் கோபத்தோடு வெளியே வந்தேன் என்று சொன்னேன் அல்லவா. முற்றத்துப் புளியமரத்தடியில் காணிக்கைக் கடா கட்டியிருந்தது. இந்த வருஷமும் புள்ளிதான்; குட்டி அல்ல, ஊர் மறிகளோடு விட்டிருந்த வளர்ந்த கடா, செல்லபாய் கொண்டுவந்தது. கொஞ்ச நேரத்தில் செல்லபாயும் வெற்றிலையைத் துப்ப வெளியே வந்தாள். இப்போது தலை நரைத்துவிட்டது. நடை மட்டும் அதே நடை.

"உள்ள ஒன்னைப்பத்தி ஒரு வார்த்தை இல்ல. நீ எழும்பிக் கேக்கப்படாதா? நான் கேக்கட்டா?" என்றேன்.

அவள் அந்தக் கடாவின் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். தொங்கட்டான்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. "எனக்க கறுப்பனுக்க கொள்ளுப்பேரன். கழுத்துல எழுதி வச்சிருக்கான். அது போரும் அண்ணே." தாடையை விட்டாள். பிறகு யோசனையாக, "அது கெடக்கட்டு. இவனுக்க மக்கமாரும் வளந்தாச்சு. உள்ள இருக்குதவியளுக்கு இப்ப இவந்தான் கோயில் கடா, கேட்டியளா? போன மாசம் தாசையன் எங்கிட்டயே வந்து சொல்லுதான், இனிமே புள்ளி இல்லாத குட்டி முற்றத்துல ஏறப்படாதாம். கோனாருக்க மவன் இப்ப கிடை போட்டிருப்பான். ஒமக்க வண்டி சும்மாதானே நிக்குது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகப்பன் செவலையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான், மகன் புள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். இவர்கள் பேச்சுக்குத்தான் சபை தலையாட்டுகிறது. நான் என் வண்டிக்காரனைக் கூப்பிட்டேன். கூட்டம் உள்ளே பாடிக்கொண்டிருக்கும்போதே காணிக்கைக் கடாவை அவிழ்த்து வண்டியில் ஏற்றினோம். ஏலம் முடியவில்லையே என்று காணிக்கைக் கணக்கு வைத்திருந்த கைக்காரன் ஓடிவந்தான். ஏலத்தில் யார் என்ன கேட்டாலும் அதற்குமேல் நான் என்று தாசையனிடம் போய்ச் சொல், காணிக்கை கொண்டுவந்தவள் பெயர் செல்லபாய் என்று கணக்கில் எழுதச் சொல், எழுதாவிட்டால் கூரையில் நான் போட்ட ஓடுகளைப் பிரித்துக்கொண்டு போவேன் என்றேன்.

செல்லபாய் வண்டியின் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். மாற்றிக்கொண்டு வருகிற கடா என்ன நிறமாக இருக்கும் என்று வண்டிக்காரன் கேட்டான்.

"வாய்ப்பல்லைப் பாத்துதான் எடுப்பேன்" என்றாள். "நெறத்தைக் கமிட்டி பாத்துக்கிடட்டு."